மட்டக்களப்பில் பழைய கல்லறைக் கல் பழுதுபார்க்கும் பட்டறை: எங்கள் குடும்பக் கல்லை ஒப்படைத்தபின் எழுதும் மதிப்பீடு

மட்டக்களப்பு நகரத்தை அண்டி, வாவிக்கரைப் பக்கமாக, தகப்பனும் மகனும் சேர்ந்து நடத்தும் சிறிய கல் பட்டறை ஒன்று இருக்கிறது. புதுக் கல்லறை கட்டுவதுதான் அவர்களுக்கு அன்றாடச் சோறு போடும் வேலை. ஆனால் நான் எழுத வந்தது அவர்கள் செய்யும் மற்ற வேலையைப் பற்றி: உடைந்தும் மங்கியும் போன பழைய கல்லறைக் கற்களை, மாற்றாமல், மினுக்காமல், இருந்தபடியே நிலைக்கவைக்கும் வேலை. பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தம் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று மூத்தவர் கேட்டுக்கொண்டதால் நானும் எழுதவில்லை. சேமக்காலைக் காவலரிடம் பழைய கல் பார்க்கிற ஆசாரியார் யார் என்று கேட்டால் வழி சொல்லிவிடுவார். எங்கள் கல்லை அவர்களிடம் கொடுத்தது குறித்து எனக்கு முழு மனநிறைவு உண்டு. சில குறைகளும் உண்டு. இரண்டையும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் இப்படிப்பட்ட கல் வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம், அவற்றை எடுத்து எறிந்துவிட்டுப் புதிது வைக்கச் சொல்லும் ஆட்களும் ஏராளம்.

அவர்கள் செய்த வேலையின் அருமை விளங்க வேண்டுமென்றால், அந்தக் கல் எங்கள் வீட்டுக்கு என்ன என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

என் அம்மம்மாவின் தாய், அதாவது என் பூட்டி, 1937 இல் இரண்டாவது பிள்ளையைப் பெறும்போது இறந்துபோனார். பிள்ளையும் அன்றிரவே போய்விட்டது. அந்தக் காலத்தில் இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்த கொடுமை அல்ல. 1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் பூட்டன் அடுத்த ஆண்டு செய்ததை அன்று எல்லோரும் செய்யவில்லை. கொழும்பிலிருந்து வெள்ளை மாபிள் பலகை ஒன்றைப் புகையிரதத்தில் வரவழைத்து, செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய பீடத்தில் அதை நிறுத்தினார். மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்து அப்போது பத்து ஆண்டுகளே ஆகியிருந்தன. பலகையின் மேல் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் எழுதுவித்து, கீழே முழுவதையும் வெறுமையாக விட்டார். தாமும் தம் பிள்ளைகளும் அந்த இடத்தில் வந்து சேருவோம் என்று எண்ணி விட்டிருப்பார். அவர் பிறகு திருகோணமலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்ட வெறுமை மட்டும் இங்கே நின்றது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும் என்பது இந்த மாவட்டத்தார் எல்லோருக்கும் தெரியும். பூட்டியின் வீடு அம்மம்மாவுக்கு வந்தது. அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு வந்தது. இப்போது என்னிடம் இருக்கிறது. வீட்டோடு சேர்ந்து இந்தக் கல்லின் பொறுப்பும் பெண்வழியாகவே வந்தது. நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாளுக்கு முன்பு, மழை விட்ட ஒரு காலையில் போய்ப் புல் பிடுங்கிக் கல்லைக் கழுவுவது அம்மம்மாவின் வேலையாக இருந்து, பிறகு அம்மாவின் வேலையாயிற்று.

கல்லில் அடுத்ததாகச் செதுக்கப்பட்ட பெயர் என் சின்ன மாமாவுடையது. அம்மாவின் கடைசித் தம்பி. 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு அடித்த சூறாவளியில் வீட்டுச் சுவர் சரிந்து இறந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. அந்தப் புயலில் 900க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தென்னந்தோட்டங்கள் தரையோடு தரையாகக் கிடந்தன. அதே இரவில் சேமக்காலை மரம் ஒன்று விழுந்து எங்கள் கல்லையும் இரண்டாக முறித்துப் போட்டது. அம்மப்பா அதை எடுத்து நிறுத்தி, பின்பக்கத்தில் இரும்புக் கொக்கிகள் அடித்து, முறிவைச் சீமெந்தால் பூசினார். மகனின் பெயரை முறிவுக்குக் கீழே செதுக்குவித்தார். வீட்டுக்குக் கூரைகூட இல்லாத நாட்களில் அவர் முதலில் இந்தக் கல்லைத்தான் நிமிர்த்தினார் என்று அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார்.

சின்ன மாமாவின் வரிக்குக் கீழே ஒரு வரி அளவுக்கு இடைவெளி இருக்கும். அது பெரிய மாமாவுக்கு உரிய இடம். 1990 ஆனியில் கிழக்கில் மீண்டும் போர் மூண்ட சில வாரங்களில், வீட்டிலிருந்து போனவர் திரும்பி வரவில்லை. அந்த ஆண்டில் மட்டக்களப்பில் அப்படிப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். அம்மம்மா அவருடைய பெயரைக் கல்லில் எழுத விடவும் இல்லை, அந்த இடத்தில் வேறு பெயரை எழுத விடவும் இல்லை. 2004 டிசம்பர் 26 இல் நாவலடியில் இருந்த பெரியம்மாவைக் கடல் கொண்டுபோனது. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் அந்த ஒடுங்கிய நிலத்தில் ஓடி ஒதுங்க இடமே இருக்கவில்லை. அவருடைய உடல் கிடைக்கவில்லை என்றாலும், அலை கொண்டுபோவதைக் கண்டவர்கள் இருந்தார்கள். ஆகவே பெரியம்மாவின் பெயரைச் செதுக்க அம்மம்மா சம்மதித்தார். ஆனால் இடைவெளிக்குக் கீழேதான் செதுக்க வேண்டும் என்றார். மகனைக் கண்ணால் கண்டு சொன்னவர் யாரும் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் அடக்கம் இல்லை. ஒருவருக்குப் பெயர் உண்டு, ஒருவருக்கு இல்லை. 2011 இல் அம்மம்மாவின் பெயர் அதற்கும் கீழே வந்தது.

கடந்த ஆண்டு அம்மா காலமானார். அவருடைய பெயரை எழுதுவிக்கப் போனபோதுதான் கல்லின் நிலை எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. முறிவை ஒட்டிய சீமெந்து வெடித்து, பலகையின் இடது ஓரத்தில் ஒரு துண்டு கழன்று காணாமல் போயிருந்தது. பூட்டியின் பெயருக்குக் கீழுள்ள வரி பாதிக்கு மேல் மங்கிவிட்டது. கடற்காற்று படும் பக்கத்தில் மாபிளின் மேல்தோல், விரல் பட்டால் சீனி போல உதிர்ந்தது.

முதலில் நாங்கள் அணுகியது வேறு ஒரு கடை. பெயர் வேண்டாம். பளபளப்பான கறுப்புக் கிரனைட்டில் இயந்திரத்தால் எழுத்தும் முகப்படமும் பொறித்துத் தருகிறவர்கள். படத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்த உடனேயே, இதைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாப் பெயர்களையும் ஒழுங்காக ஒரே அளவில் புதுக் கல்லில் எழுதித் தருகிறோம், நடுவில் இருக்கிற இடைவெளியும் தெரியாது என்றார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. புதிதாக ஒரு கல்லறை கட்டுகிறவருக்கு அது நல்ல பொருள்தான்; கடலோர உப்புக்கு மாபிளைவிடக் கிரனைட் நெடுங்காலம் தாங்கும். ஆனால் அந்த இடைவெளி தெரியக்கூடாது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் நினைத்ததில்லை. அந்தக் கடையை விட்டு வெளியே வந்தபோது எனக்கு வந்த கோபத்தை என் தம்பிதான் தணித்தான்.

பிறகுதான் காவலர் மூலமாக இந்த ஆசாரியாரைப் பிடித்தோம். அவர் விலை சொல்லவில்லை. முதலில் கல்லைப் பார்க்க வேண்டும் என்றார். வந்தவர் நடுப்பகலில் ஒரு தடவை பார்த்துவிட்டு, வெயில் சாயும்வரை அங்கேயே இருந்து மறுபடி பார்த்தார். சாய்ந்த வெளிச்சம் பக்கவாட்டில் படும்போது, நேர் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாத எழுத்துகள் நிழல் விழுந்து எழும்பி வருகின்றன. அவருடைய மகன் ஒரு கண்ணாடியைப் பிடித்து, மரநிழலில் இருந்த பகுதிக்கும் வெயிலைத் திருப்பிக் கொடுத்தார். எழுத்து தெரிவதற்காகச் சோக்கட்டியோ மாவோ தேய்ப்பது வழக்கம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதைச் சொன்னதும் அவர் கையை அசைத்துத் தடுத்தார். உதிரும் மாபிளில் எதைத் தேய்த்தாலும் எழுத்தும் சேர்ந்து போகும் என்பது அவருடைய விளக்கம். படம் எடுத்து, அதைப் பெரிதாக்கி, ட்ரேசிங் தாளில் ஒவ்வோர் எழுத்தாகப் பிரதி செய்தார்கள்.

கல்லின் பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "உள்ள இரும்பு இருக்கு மகள். அத எடுக்காம மேல பூசினா அடுத்த மாரிக்கு இன்னும் வெடிக்கும்." அம்மப்பா அடித்த கொக்கிகள்தாம். இரும்பு துருப்பிடிக்கும்போது பல மடங்கு பருக்கும். பருத்துப் பருத்துக் கல்லை உள்ளிருந்தே பிளக்கும். போதாக்குறைக்குச் சீமெந்து சுண்ணாம்புச் சாந்தைவிடக் கடினமானது, ஈரத்தை வெளியே விடாதது. நிலத்திலிருந்து ஏறும் உப்பு நீர் சீமெந்தில் தடைப்பட்டு, மாபிள் வழியாக வெளியேறி, மேற்பரப்புக்குச் சற்று உள்ளே காய்ந்து படிகமாகி, தோலைத் தள்ளிவிடுகிறது. அந்த உதிர்வுக்குக் காரணம் கடற்காற்று மட்டும் அல்ல, பாதி காரணம் அடியில் இருந்த சீமெந்து என்று அவர் காட்டினார். 1978 இல் சுண்ணாம்பு கலக்கத் தெரிந்த மேசன்மார் இருந்தும், சீமெந்துதான் உறுதி என்ற நம்பிக்கை ஊரெல்லாம் பரவியிருந்தது. அம்மப்பா தம்மால் முடிந்த நல்லதைச் செய்தார் என்பதை ஆசாரியாரும் ஒப்புக்கொண்டார். அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

சீமெந்தை அவர்கள் கிரைண்டரால் வெட்டவில்லை. விரல் தடிமனே உள்ள உளிகளால், சிறு சுத்தியலால், கொத்திக் கொத்தி எடுத்தார்கள். கொக்கிகளைச் சுற்றி நுண்ணிய துளைகள் இட்டுத் தளர்த்திக் கழற்றினார்கள். புதிய இணைப்புக்குத் துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகள். பசையை முறிவின் நடுப்பகுதிக்குள் மட்டும், வெளியே கசியாமல் இட்டார்கள். வெயில் பட்டால் எப்பொக்சி மஞ்சளாகிவிடும் என்பதுதான் காரணம். மேற்பரப்பு இடுக்குகளுக்கு மாபிள் தூள் கலந்த சுண்ணாம்புச் சாந்து. பீடத்துக்கும் சுண்ணாம்பேதான். ஒரு காலத்தில் இந்தக் கரையில் பவளப்பாறையைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். அது இப்போது தடை, தடையாக இருப்பதுதான் நல்லது. இவர்கள் சிப்பிச் சுண்ணாம்பை வாங்கி, நீரில் நீற்றி, பல வாரங்கள் தொட்டியில் ஊறவைத்துத்தான் கையில் எடுக்கிறார்கள். பூசிய பிறகும் ஈரச்சாக்கு போர்த்தி, மெதுவாக இறுக விடுகிறார்கள். இந்தப் பொறுமைக்கு நாங்களும் காத்திருக்க வேண்டியிருந்தது.

கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நவம்பர் மாதம் வருகிறதென்றால் சேமக்காலையில் எத்தனை பேர் மலசலகூடம் கழுவும் அமிலத்தை ஊற்றிக் கம்பித் தூரிகையால் தேய்க்கிறார்கள் என்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மாபிள் அமிலத்தில் கரையும். அன்றைக்கு வெள்ளை வெளேர் என்று தெரிவது, ஒரு படை கல் கரைந்து போனதால் வந்த வெண்மை. இவர்கள் நல்ல தண்ணீரும் மென்மையான தூரிகையும் மட்டும் கொண்டு, கீழிருந்து மேலாக நனைத்து, பாசியை ஊறவிட்டு எடுத்தார்கள். உதிரும் பகுதியைத் தொடவே இல்லை. கழுவி முடித்தும் கல் புதிதுபோல் ஆகவில்லை. கரும்பாசியின் நிழல் அங்கங்கே நிற்கிறது. என் சித்தப்பா இதைக் குறையாகச் சொன்னார். எண்பது ஆண்டுக்கு மேல் மழையிலும் உப்பிலும் நின்ற கல் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்தப் பட்டறையின் உண்மையான தகுதி எழுத்து விடயத்தில் தெரிந்தது. எங்கள் கல்லில் நான்கு வெவ்வேறு கைகள் உண்டு. 1938 இன் எழுத்து ஆழமாக, ஆப்பு வடிவில் வெட்டப்பட்டுக் கறுப்பு நிறம் நிரப்பப்பட்டது. 1979 இல் செதுக்கிய சின்ன மாமாவின் வரி சற்றுக் கோணலானது. சூறாவளிக்குப் பின் கிடைத்த ஆளைக் கொண்டு அவசரமாகச் செய்வித்தது என்று பார்த்தாலே தெரியும். பெரியம்மாவின் வரி இயந்திரத்தால் வெட்டியது. அம்மம்மாவின் வரி மறுபடியும் கையால். முதல் இரண்டிலும் பழைய எழுத்துமுறை இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 1978 இல்தான் எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தது. அந்தப் புதிய வடிவம் நம்முடைய கைக்கும் அச்சுக்கும் ஊறிவரப் பல ஆண்டுகள் ஆயின. ணை, லை, ளை, னை என்பவற்றை அக்காலத்தில் யானைத் துதிக்கை போன்ற சுழியோடு எழுதினார்கள். மனைவி, பிள்ளை, நினைவு என்று கல்லறையில் தவறாமல் வரும் சொற்கள் எல்லாவற்றிலும் அந்தச் சுழி வந்துவிடும். கணினியில் வழக்கமாகக் கிடைக்கும் எழுத்துருக்களில் அது இருக்காது. ஆகவே இயந்திரக் கடையில் பழைய வரிகளைத் திரும்ப எழுதக் கொடுத்தால், பூட்டன் எழுதுவித்த மனைவி என்ற சொல்லே உருமாறிப்போயிருக்கும். ஆசாரியார் பழைய எழுத்துகளைத் திரும்ப வெட்டவே மறுத்தார். ஆழம் குறைந்த எழுத்துகளில் பழைய வெட்டுக்குள்ளேயே மெல்லிய தூரிகையால் நிறம் மட்டும் இட்டார், உளி படவில்லை. திரும்ப வெட்டினால் அது பழைய ஆசாரியின் எழுத்தாக இல்லாமல் தம்முடைய எழுத்தாகிவிடும் என்றார். சின்ன மாமாவின் கோணல் வரியை நிமிர்த்தலாமா என்று சித்தப்பா கேட்டதற்கும் இதே பதில்தான். அம்மப்பா எந்த நிலையில் நின்று அந்த வரியைச் செதுக்குவித்தார் என்பதற்கு அந்தக் கோணல் ஒன்றே மிஞ்சியிருக்கும் சாட்சி. அது நிமிராமல் இருப்பதில் எனக்கு ஆறுதல் உண்டு.

பழைய வரிகளில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது. பூட்டியின் பெயருக்குக் கீழே, அவரோடு அடக்கப்பட்ட பிள்ளையைக் குறிக்கும் வரியில், கழன்று போன துண்டோடு பிள்ளையின் பெயரும் போய்விட்டது. எங்கள் வீட்டில் எவருக்கும் அந்தப் பெயர் தெரியாது. அம்மம்மா எப்போதும் 'தம்பிப்பிள்ளை' என்றுதான் சொல்வார். அவருக்கே அப்போது நான்கு வயது. பெயர் இல்லாமல் 'பிள்ளையும்' என்று மட்டும் எழுதி நிரப்பிவிடலாம் என்று நாங்கள் சொன்னபோது, எழுத்து இருந்த இடத்தில் வேறு எழுத்து வைக்க மாட்டேன், கோயில் பதிவேட்டைப் பார்த்து வாருங்கள் என்று எங்களைத் திருப்பி அனுப்பினார். பங்குத்தந்தை அனுமதி தந்தார். அந்தக் காலத்துப் பதிவேடு இலத்தீனில் இருந்தது. மருத்துவிச்சி அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்த ஆண்குழந்தை என்றும், பெயர் யோசேப்புஸ் என்றும், அன்றிரவே இறப்பு என்றும் ஒரே வரியில் இருந்தது. அந்த வரியை என் தம்பி தாளில் எழுதிக்கொண்டு வந்தபோது, ஆசாரியார் ட்ரேசிங் தாளை எடுத்து முறிவின் ஓரத்தில் எஞ்சியிருந்த ஒரு சிறு கீழ்ச்சுழியைக் காட்டினார். அது சூ என்ற எழுத்தின் வால். அந்தத் தலைமுறையில் யோசேப்பு என்ற புனிதரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தவர்கள் சூசை என்றுதான் அழைத்தார்கள். விடுபட்ட இடத்தின் அகலமும் அந்தப் பெயருக்குச் சரியாக இருந்தது. கல்லிலும் அடையாளம் உண்டு, பதிவிலும் ஆதாரம் உண்டு என்ற பிறகே அவர் உளியை எடுத்தார். சாந்து நிரப்பிய புதுப் பகுதியில், பழைய வெட்டைவிடச் சற்று ஆழம் குறைவாக, சூசை என்று வெட்டினார். பிற்காலத்தில் பார்ப்பவர் இது பின்னால் சேர்த்தது என்று கண்டுகொள்ளவே ஆழத்தைக் குறைத்தாராம். ஓர் இரவுகூட முழுதாக வாழாத ஒரு பிள்ளையின் பெயர், அதைப் பெற்றவர்களும் கூடப்பிறந்தவரும் போன பிறகு, ஒரு கல் ஆசாரியின் பிடிவாதத்தால் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. நவம்பரில் பூசைக்குக் கொடுக்கும் பெயர்ப் பட்டியலில் இனி அவருடைய பெயரும் இருக்கும்.

பெரிய மாமாவின் இடைவெளியை அவர் தாமாகவே கேட்டார். முந்தைய கடைக்காரர் அதை ஒரு பிழையாகக் கண்டார். இவர் அளவெடுக்கும்போதே, இது வேண்டுமென்று விட்ட இடம் போலிருக்கிறதே என்றார். விடயத்தைச் சொன்னேன். காணாமற்போனவர்களின் குடும்பத்துக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, அவர் காணப்படவில்லை என்பதற்கே சான்றிதழ் பெறும் வழி 2016 இல் சட்டத்தில் வந்தது. அம்மா அதைப் பெறலாமா என்று பலமுறை யோசித்து, கடைசிவரை விண்ணப்பிக்கவில்லை. கல்லில் என்ன செய்வது என்பதில் எங்களுக்குள்ளும் ஒரே கருத்து இல்லை. முப்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது, எழுதிவிடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. ஆசாரியார் எந்தப் பக்கமும் பேசவில்லை. எழுதுவதானால் எப்போதும் எழுதலாம், எழுதியதை அழிக்க முடியாது என்று மட்டும் சொல்லி, அந்த வரியின் அளவுக்குக் கல்லைக் கழுவி உறுதிப்படுத்திவிட்டு அப்படியே விட்டார். கூலியிலும் அந்த இடத்துக்குப் பணம் போடவில்லை.

அம்மாவின் வரியில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. புதிய வரியைப் புதிய எழுத்தில்தான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் காலம் குழம்பும் என்பது ஆசாரியாருடைய முறை. சூசை என்ற பெயரை ஆழம் குறைத்து வெட்டியதும் அதே முறைதான். ஆனால் அம்மா பள்ளிக்கூடத்தில் புதிய வடிவத்தைக் கற்பித்தாரே தவிர, தம் கையெழுத்தில் சாகும்வரை பழைய சுழியைத்தான் போட்டார். அவருடைய பழைய பாடக்குறிப்புக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆசாரியார் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, ஆண்டு பக்கத்திலேயே வருகிறதுதானே, காலம் குழம்பாது என்று தாமாகவே இறங்கி வந்தார். 'அன்னையின் நினைவாகப் பிள்ளைகள்' என்ற சொற்களில் மூன்று இடத்தில் அந்தச் சுழி வருகிறது. மூன்றையும் அம்மாவின் கொப்பியிலிருந்தே ஒற்றியெடுத்தார். அம்மா சுழியை மேலே கொண்டுபோய்ச் சற்று இடப்பக்கம் சாய்த்து விடுவார். அந்தச் சாய்வு கல்லில் அப்படியே இருக்கிறது. அவரிடம் படித்த ஒருவர் கண்டால் யார் கை என்று சொல்லிவிடுவார்.

இனிக் குறைகள். தொலைபேசியில் இவர்களைப் பிடிப்பது கடினம். வாட்ஸ்அப்பில் மகனுக்குச் செய்தி அனுப்பினால் பதில் வரச் சுணங்கும். வேலைத்திட்டத்தையும் கூலியையும் வாய்மொழியாகத்தான் சொன்னார்கள். நான் கேட்ட பிறகே ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு பணம் அனுப்பிச் செய்விக்கும் உறவினர்களுக்கு இது நிச்சயம் தொல்லையாக இருக்கும். வேலை நடந்த நாட்களில் பக்கத்துக் கல்லறையின் மேல் வாளியும் சாக்கும் வைத்திருந்ததைக் கண்டேன். சொன்னதும் எடுத்தார்கள். ஆனாலும் மற்றவர் கல்லை இவ்வளவு மதிக்கிறவர்களிடம் அதை நான் எதிர்பார்க்கவில்லை. சாந்து நிரப்பிய பகுதியின் வெண்மை பழைய மாபிளோடு இன்னும் ஒட்டவில்லை. ஓரிரு மாரி கண்டால் அடங்கும் என்கிறார்கள். எழுத்துக்கு இட்ட நிறம் நிரந்தரம் அல்ல, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

இவர்களிடம் எல்லாக் கல்லையும் கொண்டுபோக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடிமுதல் நொறுங்கிய கல்லையும், எழுத்து முற்றாக அழிந்து எந்தப் பதிவிலும் ஆதாரம் இல்லாத கல்லையும் இவர்களே எடுக்க மாட்டார்கள். ஆனால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலம் முதல் ஆட்களை இங்கே அடக்கம் செய்துவரும் ஊர் இது. முதல் மெதடிஸ்த மிஷனரியாக 1814 இல் வந்த வில்லியம் ஓல்ட் ஓராண்டு நிறையுமுன்னே இங்கேதான் மறைந்தார். பறங்கியர் குடும்பங்களுக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் பேர் தெரிந்த கல்லறைகள் இன்னும் எத்தனையோ நிற்கின்றன. சூறாவளியும் போரும் சுனாமியும் வீட்டுப் படங்களையும் பத்திரங்களையும் கொண்டுபோன குடும்பங்களுக்கு, அந்தக் கல் ஒன்றுதான் ஆவணம். எங்கள் வீட்டில் பூட்டியின் படம் ஒன்றுகூட இல்லை.

கூலியைப் பொறுத்தவரை, இதே அளவில் புதுக் கிரனைட் கல் வைக்கக் கேட்ட தொகையின் பாதியைவிடக் குறைவாகவே முடிந்தது. புது எழுத்துக்கு எழுத்துக் கணக்கு. புள்ளிக்கும் காலுக்கும் தனியாகப் பணம் இல்லை. சுண்ணாம்பு, கம்பி முதலியவற்றுக்கு முற்பணம் கேட்பார்கள், மிச்சத்தை வேலை முடிந்த பிறகுதான் வாங்குவார்கள். தை மழை ஓய்ந்த பின், மாசி முதல் சித்திரை வரை வேலைக்கு ஏற்ற காலம். கச்சான் காற்று தொடங்கிவிட்டால் சுண்ணாம்பு இறுகுமுன்பே காய்ந்து வெடிக்கும், மாரியில் கரைந்துபோகும். நவம்பர் 2 க்கு முன்பு முடித்துத் தாருங்கள் என்று ஐப்பசியில் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போகுமுன் பங்குத்தந்தையின் அனுமதிக் கடிதம், கல்லின் தெளிவான பழைய படம் ஏதும் இருந்தால் அது, இறந்தவர்களின் சான்றிதழ் அல்லது கோயில் பதிவின் பிரதி ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். பேசும்போதே கூலியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை உங்கள் கல்லில் அமிலம் ஊற்ற யாரையும் விடாதீர்கள்.